மெகல்லன் மேகங்களுக்குப் பின்னாடி கிடக்குற வாயு வால்: இழுத்ததா, ஊதுனதா?

மொட்டைமாடி_டெலஸ்கோப்

வணக்கம் மக்களே, நான் இங்க பெரும்பாலும் படிச்சிட்டு சத்தமில்லாம போற ஆளு, இன்னைக்குதான் முதல் தடவையா ஒரு கேள்வி போடுறேன், அபத்தமா இருந்தா திட்டாதீங்க. நேத்து கரண்ட் போன நேரத்துல போன்ல ஒரு முழு வானப் படம் பாத்துக்கிட்டு இருந்தேன். நடுவுல பால்வீதி வெள்ளையா பட்டையா கிடக்கு, கீழ ஒரு ஓரமா பெரிய மெகல்லன் மேகமும் சின்ன மெகல்லன் மேகமும் ரெண்டு பஞ்சுத் துண்டு மாதிரி இருக்கு, அங்க இருந்து ரோஸ் கலர்ல ஒரு புகை கிளம்பி வானத்துல பாதி தூரத்துக்கு மேல நீண்டு போகுது. மெகல்லானிக் ஸ்ட்ரீம்னு பேர் போட்டிருந்தது, முழுக்க ஹைட்ரஜன் வாயுவாம்.

அந்த ரெண்டு மேகமும் நம்ம கேலக்சியோட துணை கேலக்சிங்க, பெருசு 1,60,000 ஒளியாண்டு தூரத்துல, சின்னது 2,00,000 ஒளியாண்டு தூரத்துல, இது வரைக்கும் நமக்குத் தெரியும். பால்வீதியோட ஈர்ப்பு இழுத்ததுல வாயு பிச்சுக்கிட்டு வந்துருச்சுன்னு பாக்குற வீடியோ எல்லாத்துலயும் ஒரே வரியில முடிச்சிடுறாங்க. எனக்கு அங்கதான் இடிக்குது.

ஈர்ப்புக்கு கல்லும் ஒண்ணுதான் பஞ்சும் ஒண்ணுதான்னு ஸ்கூல்லயே படிச்சோம்ல, அப்போ வாயுவ இழுத்த அதே ஈர்ப்பு நட்சத்திரத்தையும் சேத்துல்ல இழுத்திருக்கணும், ஆனா வால்ல நட்சத்திரமே இல்லங்கிறாங்களே அது எப்படி? இன்னொண்ணு, இழுக்குறது நாமன்னா வாயு நம்ம பக்கம்தானே வரணும், அது ஏன் அந்த கேலக்சிங்க போற பாதைக்குப் பின்னாடி வாலா கிடக்கு? ரெண்டு நாளா இதையே நெனச்சிட்டு ஆபீஸ்ல வேல ஓடல, யாராச்சும் கொஞ்சம் விளக்குங்க.

பிசிக்ஸ்_மிஸ்

தம்பி உங்க சந்தேகம் ரொம்ப சரியான சந்தேகம், என் பிளஸ் டூ பசங்க யாராச்சும் இப்படி கேட்டா அன்னைக்கு பூரா சந்தோஷமா இருப்பேன்.

வாயு மட்டும் போயி நட்சத்திரம் போகலன்னா ஈர்ப்ப விட்டுட்டு காத்த யோசிங்க. களத்துல பொலி தூத்துறது பாத்திருக்கீங்களா? மொறத்துல நெல்ல அள்ளி மேல இருந்து சரிய விடுவாங்க, நெல்லு நேரா கால்கிட்ட விழும், பதரும் தூசியும் காத்தோட ஒதுங்கிப் போயிரும். அதே காத்துதான், ஆனா பதருக்கு மட்டும்தான் உறைக்கும். இங்கயும் நட்சத்திரம்தான் நெல்லு, வாயுதான் பதர்.

விண்வெளியில காத்து ஏதுன்னு கேப்பீங்க. பால்வீதின்னா நாம பாக்குற அந்தத் தட்டு மட்டும் இல்ல, அதச் சுத்தி ரொம்ப தூரத்துக்கு பத்து லட்சம் டிகிரிக்கு மேல சூடான வாயு ஒரு பெரிய உருண்டையா பரவி நிக்குது. ரொம்ப ரொம்ப நைசா. மெகல்லன் மேகங்க இருக்குற தூரத்துல அதோட அடர்த்தி எவ்ளோன்னா, பத்து லிட்டர் குடம் ஒண்ணு எடுத்துட்டுப் போயி அங்க மொண்டா உள்ள சராசரியா ஒரே ஒரு அணு இருக்கும். இதுல என்ன காத்துன்னு சிரிப்பு வரும், ஆனா பெரிய மேகம் விநாடிக்கு சுமார் 320 கிலோமீட்டர் வேகத்துல அதுக்குள்ள பாயுது. எதிர்க்காத்து அழுத்தம் அடர்த்தியோட வேகத்தோட வர்க்கத்தப் பெருக்குனா வர்றது, அதனால வேகம் ஏற ஏற இந்த ஒத்தை அணுக் காத்தே கோடிக்கணக்கான வருஷத்துல வாயுவ பின்னாடி தள்ளிடும். பைக்ல போறப்போ காத்தே இல்லாத நாள்ல கூட சட்ட பின்னாடி படபடக்குதுல்ல, அதான். நட்சத்திரத்துக்கு இந்தக் காத்து இருக்குறதே தெரியாது, கல்லு மேல ஊதுற மாதிரி. அதனாலதான் வால் பின்னாடி இருக்கு, அதனாலதான் அதுல வாயு மட்டும் இருக்கு. ராம் பிரஷர்னு பேரு. உங்க ரெண்டு கேள்விக்கும் ஒரே பதில்.

சும்மா_வந்தேன்

மிஸ் நீங்க எந்த ஸ்கூல், நான் திரும்ப பிளஸ் டூ சேரணும்

21செமீ

மிஸ் கோச்சுக்காதீங்க, நீங்க சொன்னது அழகா இருக்கு ஆனா அது பாதிதான். நான் ரேடியோ அஸ்ட்ரானமில பிஎச்டி பண்றேன், என் தலைப்பு இது இல்ல ஆனா லேப்ல பக்கத்து டேபிள்ல இதே சண்டைதான் தினமும், அதனால காதுல விழுந்தது நிறைய இருக்கு.

காத்துதான் எல்லாம் பண்ணுச்சுன்னா வால் பின்னாடி மட்டும்தான் இருக்கணும். ஆனா 1998ல ஆஸ்திரேலியாவுல பார்க்ஸ் 64 மீட்டர் டிஷ்ஷ வச்சு தென் வானம் பூரா ஹைட்ரஜன் சர்வே பண்ணப்போ மேகங்களுக்கு முன்னாடியும் வாயு துண்டு துண்டா நீண்டு கிடக்குறது தெளிவா தெரிஞ்சது, மேரி புட்மன் டீம் அத நேச்சர் ஆய்விதழ்ல போட்டாங்க, லீடிங் ஆர்ம்னு பேரு. எதிர்க்காத்துல பதர் முன்னாடி போகுமா? போகாது. இது தூத்துற கணக்குக்குள்ள அடங்கவே அடங்காது.

இப்போ மொட்டைமாடி ப்ரோ கேட்ட ரெண்டாவது கேள்விக்கு வர்றேன், இழுக்குறது நாமன்னா ஏன் நம்ம பக்கம் வரல. இது கடல் ஓதம் மாதிரிதான். நிலா இழுக்குறப்போ நிலாவைப் பாத்த பக்கம் மட்டும் தண்ணி ஏறல, எதிர்ப்பக்கமும்தான் ஏறுது, ஏன்னா விஷயம் இழுப்பு இல்ல, இழுப்புல இருக்குற வித்தியாசம். துணை கேலக்சியோட கிட்டப் பக்கத்துக்கு இழுப்பு ஜாஸ்தி, தூரப் பக்கத்துக்கு கம்மி, அதனால அது ரெண்டு பக்கமும் ஜவ்வு மாதிரி இழுபடும். கிட்டப் பக்கத்துல பிரிஞ்சது உள்வட்டத்துல ஓடுறதால முந்திப் போயிரும், தூரப் பக்கத்துல பிரிஞ்சது வெளிவட்டத்துல ஓடுறதால பின்தங்கிரும். ஆக நம்ம பக்கம் நேரா கொட்டாது, பாதையிலயே முன்னாடி ஒரு கை பின்னாடி ஒரு வால்.

சரி நட்சத்திரம் ஏன் வரல? டவுன் பஸ்ஸ யோசிங்க. சடார்னு வளைவுல திருப்புனா முதல்ல விழுறது யாரு, உள்ள சீட்ல உக்காந்திருக்குறவன் இல்ல, ஃபுட்போர்டுல தொங்குறவன். சின்ன கேலக்சிங்கள்ல நட்சத்திரம் எல்லாம் நடுவுல நெருக்கமா இருக்கும், ஹைட்ரஜன் தட்டு அதத் தாண்டி ரொம்ப தூரம் விரிஞ்சிருக்கும், அந்த விளிம்பு வாயுவுக்குப் பிடிமானம் ரொம்ப கம்மி. ஈர்ப்பு பாரபட்சம் பாக்கல ப்ரோ, ஃபுட்போர்டுல இருந்தது வாயு, அவ்ளோதான்.

அடுத்து யார் இழுத்தாங்கன்னு ஒரு கேள்வி இருக்கு, எனக்குப் பிடிச்ச பகுதியே இதுதான். முன்னாடி எல்லாரும் இந்த மேகங்க நம்மள பல தடவ சுத்தி வந்திருக்கு, ஒவ்வொரு சுத்துக்கும் நாம கொஞ்சம் பிச்சு எடுத்தோம்னு நெனச்சாங்க. 2006ல நித்யா கல்லிவயலில் டீம் ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப்ப வச்சு மேகங்களோட நகர்வ அளந்தாங்க, வேகம் எதிர்பாத்தத விட ரொம்ப ஜாஸ்தியா வந்துச்சு, அடுத்த வருஷம் குர்டினா பெஸ்லா டீம் கணக்குப் போட்டு இவ்ளோ வேகத்துல வந்தா இது சுத்திக்கிட்டு இருக்குற ஆளே இல்ல, இப்பதான் முதல் தடவையா நம்ம வீட்டுப் பக்கம் வருதுன்னு சொன்னாங்க. வேகத்த பின்னாடி 2013ல கொஞ்சம் குறைச்சாங்க, மிஸ் சொன்ன 320 அதுதான், ஆனா முதல் வருகைங்கிற முடிவு அப்படியே நிலைச்சிருச்சு. ஸ்ட்ரீமுக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம்னு கணக்கு சொல்றாங்க, அப்போ பால்வீதி ரொம்ப தூரத்துல இருந்துச்சு, கை நீட்டி இழுக்குற இடத்துலயே இல்ல. பின்ன யாரு? பெரிய மேகம் சின்ன மேகத்த இழுத்திருக்கு. அண்ணன் தம்பி சண்டை, பழி நம்ம மேல.

கெமிஸ்ட்ரியும் இதத்தான் சொல்லுது. 2013ல ஆண்ட்ரூ ஃபாக்ஸ், ஃபிலிப் ரிக்டர் எல்லாம் சேந்து ஹப்பிள்ல பாத்தாங்க, ஸ்ட்ரீமுக்குப் பின்னாடி ரொம்ப தூரத்துல இருக்குற குவேசார் (நடுவுல இருக்குற கருந்துளையால பளிச்சுனு ஒளிர்ற கேலக்சி) வெளிச்சம் இந்த வாயுவ ஊடுருவி வர்றப்போ என்னென்ன தனிமம் எவ்ளோ முழுங்கிருக்குன்னு. பெரும்பாலான இடத்துல கனமான தனிமங்க சூரியன்ல இருக்குறதுல பத்துல ஒரு பங்குதான், அது 200 கோடி வருஷத்துக்கு முன்னாடி சின்ன மேகம் இருந்த நிலைக்குப் பொருந்துது. ஆனா ஃபேரால் 9ங்கிற கேலக்சி இருக்குற திசையில மட்டும் பாதி அளவு வந்துச்சு, அது பெரிய மேகத்தோட சரக்கு. ஸ்ட்ரீம் பாக்க ஒண்ணா தெரிஞ்சாலும் உள்ள ரெண்டு புரி முறுக்கின கயிறு மாதிரிதான் இருக்கு, ஒரு புரி சின்னவர் வீட்டுது, ஒரு புரி பெரியவர் வீட்டுது.

பிசிக்ஸ்_மிஸ்

கோவமெல்லாம் இல்லப்பா, லீடிங் ஆர்ம் பத்தி நான் யோசிக்கவே இல்ல, ஒத்துக்குறேன். ஆனா காத்த முழுசா கழிச்சுக் கட்டிடாதீங்க. பெரிய மேகத்தோட முன்பக்கம் ஹைட்ரஜன் தட்டு சட்டுனு வெட்டின மாதிரி முடியுது, நட்சத்திரம் மட்டும் அதுக்கு அப்பாலயும் இருக்குன்னு படிச்சிருக்கேன். காத்து இல்லாம அது எப்படி?

21செமீ

கரெக்ட் மிஸ், அது ராம் பிரஷர் வேலைதான். இன்னும் சொல்லப் போனா நீங்க சொன்ன குடத்துக்கு ஒரு அணு கணக்கே அந்த வெட்டுன விளிம்புல இருந்துதான் எடுத்தாங்க, 2015ல முனியர் சேலம் டீம். மையத்துல இருந்து சுமார் 20,000 ஒளியாண்டுல வாயு நின்னுருது, அங்க எதிர்க்காத்து அழுத்தமும் மேகத்தோட ஈர்ப்பும் சமமாகுது, அத வச்சு காத்தோட அடர்த்திய பின்னோக்கி கணக்குப் போட்டாங்க. பாதிதான்னு சொன்னேனே ஒழிய தப்புன்னு சொல்லல.

யாழ்_சிட்னி

எல்லாருக்கும் வணக்கம். நான் சிட்னியில இருக்கிறன், வானியல் படிச்ச ஆள் இல்லை, கணக்குப் பாக்கிற வேலை, ஆனால் இந்த ரெண்டு மேகத்தையும் வெறுங்கண்ணால பாக்கிற பாக்கியம் கிடைச்ச ஆள் எண்டபடியால் எழுதுறன். போன ஈஸ்டர் லீவுக்கு பார்க்ஸ் பக்கம் காரில போனனாங்கள். பகல் முழுக்க அந்தப் பெரிய டிஷ்ஷைப் பாத்தம், சுத்திவர செம்மறி மேயிற வெட்டை, நடுவில 64 மீட்டர் விட்டத்தில அது நிக்குது, 1961 இல இருந்து வேலை செய்யுது, இப்ப விராட்ஜுரி மக்களின்ர மொழியில முரியாங் எண்டும் பேர் வச்சிருக்கினம். இரவு காரை ஓரமா விட்டிட்டு இறங்கிப் பாத்தால் தெற்கால ரெண்டு மேகம். உண்மையா மேகம் எண்டுதான் நினைச்சனான், மனுசி சொன்னா மழை வரப்போகுது எண்டு. அரை மணித்தியாலம் கழிச்சும் ரெண்டும் அந்த நட்சத்திரங்களோட ஒட்டின மாதிரியே நிண்டது, அப்பதான் விளங்கிச்சு. மகெல்லன்ர பேரை வச்சிருக்கினமே ஒழிய அவர் கண்டுபிடிச்ச சாமான் இல்லை பாருங்கோ, தெற்கில இருந்த சனம் ஆயிரக்கணக்கான வருசமா பாத்துக்கொண்டுதான் இருந்தது.

இந்த வாலைக் கண்டுபிடிச்ச கதையை ஒருத்தரும் சொல்லேல்லை, அதைச் சொல்லுறன். கண்ணுக்கும் தெரியாது, சாதாரண டெலஸ்கோப்புக்கும் தெரியாது. ஹைட்ரஜன் அணு 21 செண்டிமீட்டர் அலைநீளத்தில ஒரு சின்ன ரேடியோ முனகல் விடும், அந்தத் தம்பி பேரையே அதில இருந்துதான் எடுத்திருக்கிறார் போல. 1963 இல ரெண்டு மேகத்துக்கும் நடுவில வாயுப் பாலம் ஒண்டு இருக்கெண்டு ஆஸ்திரேலிய ஆக்கள் கண்டவை. பிறகு 1972 இல வானியர், ரிக்சன் எண்ட ரெண்டு பேர் தெற்கு வானத்தில வேகம் பொருந்தாத வாயு நீளமாக் கிடக்கிறதைக் கண்டவை, ஆனால் அது எங்க இருந்து வருது எண்டு தெரியேல்லை. 1974 இல மதியூசன், கிளியரி, மரி மூண்டு பேரும் பார்க்ஸில இருந்த 18 மீட்டர் டிஷ்ஷால, பெரிசால இல்லை, சின்னனால, தொடர்ந்து பாத்துக்கொண்டு போய் இது மெகல்லன் மேகத்தில வந்து முடியுது எண்டு காட்டினவை. மெகல்லானிக் ஸ்ட்ரீம் எண்ட பேர் அவை வச்சதுதான். 2010 இல அமெரிக்காவில கிரீன் பேங்க் டிஷ்ஷால டேவிட் நைடவர் ஆக்கள் வடக்கால இன்னும் நீளமாப் போகுது எண்டு கண்டவை, முன்னால இருக்கிற கையையும் சேர்த்தால் வானத்தில 200 டிகிரி. கிழக்கு அடிவானத்தில இருந்து மேற்கு அடிவானம் 180 டிகிரிதான், யோசிச்சுப் பாருங்கோ.

எங்கட பால்வீதியிலயும் வானம் முழுக்க ஹைட்ரஜன் கிடக்கு, பிறகு எப்பிடி இதைப் பிரிச்சு எடுத்தவை எண்டு நானும் யோசிச்சனான். அம்புலன்ஸ் கிட்ட வரேக்க சத்தம் கூர்மையாகிற மாதிரித்தான். பக்கத்து வாயு 1420.4 மெகாஹெர்ட்ஸில கேட்கும், வால் நுனி எங்களை நோக்கி விநாடிக்கு 400 கிலோமீட்டர் அளவில வருது, அதால அது கிட்டத்தட்ட 1422.3 இல கேட்கும். அந்த 400 இல ஒரு பங்கு எங்கட சூரியன் ஓடுற ஓட்டம், அதையும் கழிக்க வேணும்.

இன்னொண்டு, சிட்னி பல்கலைக்கழகத்தில ஜோஸ் பிளாண்ட்-ஹாதோர்ன் எண்டு ஒராள் இருக்கிறார். இந்த ஸ்ட்ரீமின்ர ஒரு பகுதி மட்டும், பால்வீதிக்கு நேர் கீழ அதின்ர தென் துருவப் பக்கமா இருக்கிற துண்டு, இருக்க வேண்டியதை விட பளிச்செண்டு இருக்குது. பால்வீதியின்ர நடுவில இருக்கிற கருந்துளை சுமார் 35 லட்சம் வருசத்துக்கு முதல் ஒருக்கா வெடிச்சுச் சீறின வெளிச்சம் போய் அங்க பட்டதுதான் அது எண்டு அவர் சொல்லுறார். சுவரில டார்ச் அடிச்ச அடையாளம் மாதிரி. எனக்கு இந்த முழுக் கதையிலயும் இதுதான் நம்பேலாமல் இருந்தது.

மொட்டைமாடி_டெலஸ்கோப்

அண்ணே நீங்க பாத்தத படிக்கப் படிக்க வயிறு எரியுது, நல்லா இருங்க.

மிஸ், 21செமீ ப்ரோ, ரெண்டு பேருக்கும் நன்றி. ஃபுட்போர்டு கணக்கு பிடிபட்டுருச்சு. ஆனா இப்போ புதுசா ஒண்ணு கிளம்பிருச்சு. மேகங்களோட தூரம் தெரியும், அங்க நட்சத்திரம் இருக்கு அத வச்சு அளக்குறாங்க. வால் வெறும் வாயுன்னா அது எவ்ளோ தூரத்துல இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க? நாம படத்துல பாக்குறது தட்டையா ஒட்டின மாதிரிதான், அது நம்ம பக்கம் வளைஞ்சு வருதா, இல்ல அப்பால வெலகிப் போகுதான்னு எப்படித் தெரியும்?

21செமீ

ப்ரோ சரியா புண் இருக்குற இடத்துல கை வச்சிட்டீங்க. வாயுவோட தூரத்த நேரா அளக்க வழியே இல்ல, திசை தெரியும், நம்மள நோக்கி வர்ற வேகம் தெரியும், ஆழம் தெரியாது. அதனால மாடலுக்கு ஒரு தூரம். தூரம் தெரியாட்டி எடையும் தெரியாது, ஏன்னா எடை தூரத்தோட வர்க்கத்துல ஏறும், தூரம் மூணுல ஒண்ணா குறைஞ்சா எடை ஒம்பதுல ஒண்ணாயிரும். வழக்கமா மேகங்க இருக்குற தூரத்துலயே வாலும் இருக்குன்னு வச்சுக்கிட்டு மொத்தம் 200 கோடி சூரியன் எடைன்னு சொல்றாங்க. அதுலயும் ரேடியோவுல தெரியுற ஹைட்ரஜன் கால் பங்கு கூட தேறாது, மிச்சம் எல்லாம் எலக்ட்ரான் கழண்டு அயனியான வாயு, புற ஊதாவுல உறிஞ்சல் பாத்துதான் தெரிய வந்துச்சு.

இந்த அயனி வாயு தான் பெரிய தலவலி. அண்ணன் தம்பி இழுபறி மாடல்ல வால் வடிவம் சூப்பரா வரும், ஆனா இவ்ளோ அயனி வாயு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா மாடல் முழிக்கும். 2020ல ஸ்காட் லூச்சினி டீம் ஒரு யோசனை சொன்னாங்க, பெரிய மேகத்தோட எடை சும்மா இல்ல, கண்ணுக்குத் தெரியாத டார்க் மேட்டர் எல்லாம் சேத்தா பால்வீதியில பத்துல ஒரு பங்குக்கும் மேல வரும், அவ்ளோ எடை இருக்குற கேலக்சிக்கு அதுக்குன்னு சொந்தமா ஒரு சூடான வாயுப் போர்வை இருக்கணும்ல, நமக்கு இருக்குற மாதிரியே. மெகல்லானிக் கொரோனான்னு பேர் வச்சாங்க (அந்த நேரத்துல இந்தப் பேர் வச்சது அவங்க கெட்ட நேரம்). அந்தப் போர்வையும் சேந்து உரிஞ்சு வந்தா அயனி வாயு கணக்கு சரியாகுது. போர்வை குறுக்க நின்னு எதிர்க்காத்த தடுக்குறதால முன்னாடி நீண்ட கையும் கரைஞ்சு போகாம தப்பிக்குது. மிஸ்ஸோட காத்தும் என்னோட இழுபறியும் ஒரே கதைக்குள்ள வந்துருச்சு பாத்தீங்களா. ரெண்டு வருஷம் கழிச்சு தனேஷ் கிருஷ்ணாராவ் டீம் 28 குவேசார் வெளிச்சத்த வச்சு அந்தப் போர்வை நிஜமாவே இருக்குன்னு காட்டிட்டாங்க, பெரிய மேகத்தச் சுத்தி 1,00,000 ஒளியாண்டுக்கு மேல வரைக்கும் பரவிக் கிடக்கு.

தூரத்துக்கு வர்றேன். அதே லூச்சினி டீம் 2021ல புது மாடல் போட்டப்போ வால் நம்ம பக்கமா வளைஞ்சு வருது, சில இடம் வெறும் 65,000 ஒளியாண்டுதான்னு வந்துச்சு. அப்படின்னா எடை அஞ்சு மடங்கு கம்மி. எல்லாரும் ஆஹான்னு சொல்லி முடிக்குறதுக்குள்ள 2023ல வேதாந்த் சந்திரா டீம் ஸ்ட்ரீம் போற திசையிலயே அதே வேகத்துல போற 13 நட்சத்திரம் புடிச்சிட்டாங்க. ஆமா ப்ரோ, நட்சத்திரம். வால்ல நட்சத்திரமே இல்லன்னு நீங்க ஆரம்பிச்சீங்களே, நாப்பது அம்பது வருஷமா எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தோம். ராட்சச நட்சத்திரங்க, ரொம்ப மங்கல், ரொம்ப கம்மி. நட்சத்திரத்துக்கு தூரம் அளக்கலாம்ல, அளந்தா 2,00,000ல இருந்து 4,00,000 ஒளியாண்டு வருது. அதாவது வால் வெலகிப் போகுது, நம்ம பக்கம் வரல. அந்த 65,000த்தோட ஒட்டவே ஒட்டாது. வாயுவும் நட்சத்திரமும் வேற வேற இடத்துல பிரிஞ்சு கிடக்கலாம்னு சிலர் சமாதானம் சொல்றாங்க, முதல் மிஸ் பதிவுல இருக்குற காத்த திரும்பக் கூப்பிட்டா அதுக்கும் வழி இருக்கு, வாயு மட்டும் தள்ளுப்பட்டு நட்சத்திரம் அங்கயே நின்னுருக்கலாம். நான் இப்போதைக்கு நட்சத்திரத்து பக்கம்தான் நிப்பேன், அது அளந்தது, மத்தது கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தது.

நம்ம ஊர்ப் பக்கமும் இந்த மேகங்கள வச்சு நிறைய வேல நடக்குது, பெங்களூர் ஐஐஏல (இந்திய வானியற்பியல் நிறுவனம்) அன்னபூர்ணி சுப்ரமணியம் பல வருஷமா இந்த மேகங்களோட அமைப்பத்தான் ஆராய்ச்சி பண்றாங்க, தேடிப் படிங்க.

சும்மா_வந்தேன்

எல்லாம் ஓகே, அந்த வாயு நம்ம மேல வந்து விழுமா விழாதா, அத சொல்லுங்க முதல்ல. மாஸ்க் ஸ்டாக் வாங்கி வைக்கணும்

பிசிக்ஸ்_மிஸ்

லேப்ல வேக்கம் பம்ப் போட்டு நாம எவ்ளோ உறிஞ்சினாலும் அத விட காலியா இருக்கும் அந்த வாயு, உங்க மூக்குக்கு வர்றதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. மாஸ்க்க தூசிக்கு வச்சுக்கோங்க.

21செமீ

மேல விழாது, ஆனா கேலக்சி மேல விழும் பாஸ். சூட்டுல கரையாம முழுசா வந்து சேந்தா வருஷத்துக்கு 4ல இருந்து 7 சூரியன் எடை வாயு பால்வீதிக்குள்ள வரும்னு ஃபாக்ஸ் டீம் கணக்கு போட்டாங்க. இப்போ பால்வீதி வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு சூரியன் எடை அளவுக்குத்தான் புது நட்சத்திரம் உருவாக்குது. வத்திப் போன கம்மாய்க்கு மேல்மடையில இருந்து தண்ணி வர்ற மாதிரி. வழியிலயே ஆவியாகி போர்வையோட போர்வையா கலந்துரவும் வாய்ப்பு இருக்கு, அப்போ இந்தக் கணக்கு படுத்துரும். ஆனா அதெல்லாம் பல கோடி வருஷம் கழிச்சு, நீங்க இப்போ சாப்ட போலாம்.

மொட்டைமாடி_டெலஸ்கோப்

அப்போ என் கேள்வியே பாதி தப்பு, வால்ல நட்சத்திரம் இருக்கு. நல்லவேள கேட்டேன்.

கடைசியா ஒண்ணு, நான் திருநெல்வேலி. இங்க இருந்து மெகல்லன் மேகத்த பாக்க வாய்ப்பே இல்லையா? யாழ் அண்ணன் பதிவ படிச்சதுல இருந்து கை துறுதுறுங்குது.

யாழ்_சிட்னி

ஏன் இல்லை தம்பி. இலங்கையின்ர தெற்குக் கரையில இருந்து பாத்த ஆக்களை எனக்குத் தெரியும். கன்னியாகுமரியில பெரிய மேகம் உச்சத்தில நிக்கேக்க அடிவானத்தில இருந்து 12 டிகிரி வரும், நீட்டின கையில ஒரு முஷ்டியும் இன்னும் ஒரு விரலும். சின்ன மேகம் 9 டிகிரிதான், அதை மறந்திடுங்கோ.

பிசிக்ஸ்_மிஸ்

ஜனவரி கடைசி வாரம் ராத்திரி ஒம்பது மணி, அமாவாசைய ஒட்டி போங்க, தெக்க கடலப் பாத்து நில்லுங்க. மொதல்ல அகத்திய நட்சத்திரம், அதான் கேனோபஸ், அத புடிங்க, பளிச்சுனு தெரியும். அதுக்குக் கீழ கொஞ்சம் வலது பக்கமா பாதி உயரத்துல தேடுங்க. ஊருக்குள்ள லைட்டு ஜாஸ்தி, கொஞ்சம் தள்ளிப் போயி ஒரு நல்ல பைனாகுலர் எடுத்துக்கோங்க, கடல் ஈரப்பதத்துல மங்கலாதான் இருக்கும், ஏமாந்துராதீங்க.

21செமீ

ப்ரோ மேகத்துக்குத்தான் கன்னியாகுமரி போகணும், வாலுக்கு நீங்க எங்கயும் போக வேணாம். 1974ல கண்டுபிடிச்சப்போ வால் நுனின்னு சொன்னது பெகாசஸ் சதுரத்துக்குப் பக்கம், நம்ம கணக்குல பூரட்டாதி. இப்போ தெரிஞ்ச வால் அதத் தாண்டியும் வடக்க போகுது. நவம்பர் மாசம் ராத்திரி எட்டு மணிக்கு உங்க மொட்டமாடியில மல்லாக்க படுத்தீங்கன்னா பூரட்டாதி கிட்டத்தட்ட நேர் உச்சியில இருக்கும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா இருக்கும். ஹார்ன் ஆன்டெனாவும் சின்ன எஸ்டிஆர் டாங்கிளும் (கம்ப்யூட்டர்ல சொருகுற ரேடியோ ரிசீவர்) வச்சு வீட்டுலயே 21 செமீ புடிக்குற ஆளுங்க இருக்காங்க, பால்வீதி ஹைட்ரஜன் அதுல நல்லா வரும், ஸ்ட்ரீம் ரொம்ப பலவீனம், அதுக்கு ஆசப்படாதீங்க.

மொட்டைமாடி_டெலஸ்கோப்

எங்க மாடியில தெக்க பாத்தா பக்கத்து வீட்டு தண்ணி டேங்க்தான் தெரியும், ரெண்டு வருஷமா அதுக்காக அவர்கிட்ட பேச்சுவார்த்தை இல்ல. உச்சிய யாரும் மறைக்கல. நவம்பர்ல மழ விட்ட ஒரு நாள் பாய எடுத்துட்டு மேல போறேன், எந்தப் பக்கம் கால் நீட்டணும்னு மட்டும் சொல்லுங்க.

21செமீ

தெக்க கால் நீட்டுங்க. தலைக்கு மேல வால் நுனி, அங்க இருந்து கால் பக்கமா சரிஞ்சு சிற்பி விண்மீன் கூட்டம் வழியா அடிவானத்துல இறங்கும். டேங்குக்குப் பின்னாடிதான் மேகம்.